கேளாமல் எடுத்த கொடை

அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்திலே ரோனோக் என்றொரு நகரம். நகரின் நடுவே ஒரு திடல். அடிமை முறை நீடிக்க வேண்டும் என்று போர் தொடுத்த தென் மாநிலங்களின் படைத்தலைவர் ராபர்ட் லீயின் பெயரைப் பல்லாண்டுக் காலம் தாங்கி நின்ற திடல் அது. அவருக்கு எழுப்பிய நினைவுக்கல்லும் அங்கே இருந்தது. 2020-ஆம் ஆண்டில் அந்தக் கல் போயிற்று. திடலின் பெயரும் மாறிற்று. 2023-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள், அதே திடலிலே ஒரு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது.

யாருடைய சிலை? நாடாண்டவர் சிலையா? இல்லை. படை நடத்தியவர் சிலையா? இல்லை. புகையிலைக் கொல்லையிலே இலை பறித்த ஒரு கறுப்பினப் பெண்ணின் சிலை! அடிமைகள் அடைபட்டுக் கிடந்த மரக்குடிலிலே வளர்ந்து, 31 வயதிலே புற்றுநோய்க்கு இரையாகி, பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லாமல் புதைக்கப்பட்ட ஓர் ஏழைத் தாயின் சிலை!

ஹென்ரியட்டா லாக்ஸ் என்பது அந்த அம்மையாரின் பெயர். அவருடைய வாழ்க்கையை இன்று தோழர்கள் முன் வைக்க விரும்புகிறோம். இரங்கிக் கண்ணீர் வடிப்பதற்காக அல்ல. நம் வீட்டுப் பெண்களின் உயிரைப் பற்றிய சேதி ஒன்று அந்த வாழ்க்கையிலே அடங்கியிருக்கிறது என்பதற்காக.

1920-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் ரோனோக் நகரிலே பிறந்தார் ஹென்ரியட்டா. நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோதே, பத்தாவது பிள்ளையைப் பெற்ற தாய் கண்மூடினார். தந்தையால் அத்தனை குழந்தைகளையும் காப்பாற்ற முடியவில்லை. குளோவர் என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்று, உறவினர் வீடுகளிலே ஆளுக்கு ஒன்றாக விட்டார். ஹென்ரியட்டா பாட்டனார் வீட்டுக்குப் போனார். முன்னோர் அடிமைகளாக இருந்த நாளில் அடைத்து வைக்கப்பட்ட அதே மரக்குடில்தான் பாட்டனார் வீடு. அடிமை முறை சட்டத்திலே ஒழிந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது. வறுமை மட்டும் அந்த வீட்டை விட்டு வெளியேறவே இல்லை.

விடியுமுன் எழுந்து மாடுகளுக்குத் தீனி வைப்பார். தோட்டத்தைக் கவனிப்பார். பிறகு புகையிலைக் கொல்லை. படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. அதே வீட்டிலே வளர்ந்த உறவினர் டேவிட் லாக்ஸ் என்பவரை 1941-ஆம் ஆண்டு மணந்தார். புகையிலையை நம்பி வயிறு கழுவ முடியாது என்ற நிலையில், குடும்பம் மேரிலாண்டு மாநிலத்துப் பால்டிமோர் நகரை ஒட்டிய டர்னர் ஸ்டேஷன் என்ற தொழிலாளர் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தது. கணவர் உருக்காலையிலே வேலைக்குச் சேர்ந்தார். அம்மையாருக்குப் பிள்ளைகள் ஐவர்.

ஆலைச் சங்கு ஊதும் தெருவிலே குடியிருக்கும் தோழர்களுக்கு இந்தக் குடும்பத்தைப் பற்றி நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கிராமத்திலே பிழைக்க வழியின்றி, மூட்டை முடிச்சோடு ஆலையூர் வந்து சேர்ந்த குடும்பங்கள் எத்தனையோ! அவற்றிலே ஒன்று அது. நிறம்தான் வேறு, நிலை ஒன்றே.

அடிவயிற்றிலே முடிச்சுப் போல ஏதோ இருக்கிறது என்று அம்மையார் உணர்ந்தார். உறவுப் பெண்கள் இருவரிடம் மட்டும் அதைச் சொன்னார். கணவரிடம் சொல்லவில்லை. மருத்துவரிடமும் போகவில்லை. இதற்கிடையிலே ஐந்தாவது குழந்தையும் பிறந்தது. இரத்தப்போக்கு நிற்காமற் போகவே, 1951-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 29-ஆம் நாள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். கறுப்பினத்தார் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பும் மருத்துவமனைகள் மலிந்திருந்த காலம் அது. ஏழைகளுக்கும் கறுப்பினத்தாருக்கும் மருத்துவம் பார்த்த பெரிய நிலையங்களுள் ஒன்று ஹாப்கின்ஸ். ஆனால் அங்கேயும் கறுப்பர்களுக்குத் தனி அறை, தனிக் கட்டில்!

மருத்துவர் சோதித்தார். கருப்பையின் வாயிலே ஒரு கட்டி. புற்றுநோய் என்று முடிவாயிற்று. அந்தக் காலத்து முறைப்படி ரேடியம் வைத்து மருத்துவம் செய்தார்கள். முதல் முறை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருந்தபோது, கட்டியிலிருந்து ஒரு துணுக்கும், நோயில்லாத பகுதியிலிருந்து ஒரு துணுக்கும் வெட்டி எடுக்கப்பட்டன. மருத்துவத்துக்காக அல்ல, ஆராய்ச்சிக்காக. எடுக்கலாமா என்று அம்மையாரிடம் யாரும் கேட்கவில்லை. எடுத்ததைப் பின்னர் சொல்லவும் இல்லை. அந்நாளில் நோயாளியைக் கேட்கும் வழக்கம் இல்லை என்று சமாதானம் கூறுவோர் உண்டு. வழக்கம் இல்லாதது உண்மைதான். தன் உடம்பைப் பற்றித் தானே முடிவு செய்ய வேண்டியவர் என்று எவரையும் கருதாத வழக்கம் அது. அதன் பாரம் ஏழையின் தலையிலேதான் அதிகமாக விழுந்தது.

வீட்டுக்குத் திரும்பிய அம்மையார் நோயின் பெயரை எவரிடமும் சொல்லவில்லை. சமையல் செய்தார், பிள்ளைகளைக் கவனித்தார். பின்னரே உறவினருக்கு உண்மை புரிந்தது. 1951 அக்டோபர் 4-ஆம் நாள் உயிர் பிரிந்தது. கைக்குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. குளோவர் ஊரிலே குடும்பத்து இடுகாட்டில் புதைத்தார்கள். கல் நாட்டப் பணமில்லை. 2010-ஆம் ஆண்டிலேதான் அவர் பெயர் பொறித்த கல் அங்கே நடப்பட்டது.

ஹென்ரியட்டா மாண்டார். அவர் உடலிலிருந்து எடுத்த துணுக்கு மாளவில்லை!

மருத்துவர் ஜார்ஜ் கை என்பவருடைய ஆய்வுக்கூடத்திலே, மனித உயிரணுக்களைக் கண்ணாடிக் குழாயில் வளர்க்க நெடுநாளாக முயன்று வந்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. சில நாளில் செத்துப்போகும். அம்மையாரின் புற்றணுக்களோ, ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே போயின. ஹென்ரியட்டா, லாக்ஸ் ஆகிய பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அவற்றுக்கு ஹீலா என்று பெயரிட்டார்கள். கை அவற்றை விலைக்கு விற்கவில்லை. கேட்ட ஆய்வாளர்க்கெல்லாம் அனுப்பி வைத்தார். விலைக்கு விற்றுச் செல்வம் திரட்டியோர் பின்னர் வந்த வணிக நிறுவனத்தார்.

இளம்பிள்ளை வாதத்துக்குச் சால்க் கண்ட தடுப்பூசியைச் சோதிக்க இந்த அணுக்கள் தேவைப்பட்டன. டஸ்கிகீ கல்வி நிலையத்திலே, கறுப்பின அறிவியலாளரும் பணியாளரும் வாரந்தோறும் பெருமளவில் வளர்த்து அனுப்பினார்கள். உலகெங்கும் எத்தனையோ பிள்ளைகள் கால் முடங்காமல் நடப்பதற்கு இந்தத் தாயின் பங்கும் உண்டு. விண்வெளிக்கும் அந்த அணுக்கள் சென்றன. குடும்பத்தாருக்கோ எதுவும் தெரியாது. தாய் இறந்து 20 ஆண்டுகளுக்கு மேல் சென்ற பிறகு, 1973-ஆம் ஆண்டையொட்டித்தான் சேதி அவர்கள் காதுக்கு எட்டியது. அப்போதும், ஆராய்ச்சிக்கென்று அவர்களிடமே இரத்தம் எடுக்க வந்தவர்கள், எதற்காக எடுக்கிறோம் என்பதைப் புரியும்படி விளக்கவில்லை. தாயின் அணுக்கள் கடைச்சரக்காக விலைபோய்க்கொண்டிருந்தபோது, பெற்ற பிள்ளைகள் மருத்துவச் செலவுக்கு வழியின்றித் தவித்தார்கள்.

இதுவரை சொன்னது கொடுமையின் கதை. இனிச் சொல்லப்போவதுதான் நம்மை நேராகத் தொடும் பகுதி.

கருப்பைவாய்ப் புற்றுநோய் எதனால் வருகிறது? பாவத்தால் என்றார்கள், தலைவிதி என்றார்கள், அந்தப் பெண்ணின் நடத்தையால் என்று நாக்கூசாமல் சொன்னவர்களும் உண்டு. ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு ட்சூர் ஹவுசன் வேறு வழியிலே தேடினார். மனித பாப்பிலோமா வைரஸ் என்பது ஒரு பெருங்குடும்பம். சுருக்கமாக எச்.பி.வி. என்பார்கள். 1983-ஆம் ஆண்டில் அக்குடும்பத்தின் 16-ஆம் வகையையும், 1984-ஆம் ஆண்டில் 18-ஆம் வகையையும் அவரும் அவர் தோழர்களும் புற்றுக்கட்டிகளிலே கண்டுபிடித்தார்கள். இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இந்த இரு வகைகளே காரணம். ஹீலா அணுக்களையும் எடுத்துச் சோதித்தார்கள். அவற்றுக்குள்ளே இருந்தது 18-ஆம் வகை! ஹென்ரியட்டா மறைந்து 33 ஆண்டுகள் கழித்து, அவரைக் கொன்றது எது என்று அவருடைய அணுக்களே சாட்சி சொல்லின.

எப்படிக் கொன்றது என்பதையும் அவை காட்டின. உயிரணு கட்டுமீறிப் பெருகாதபடி தடுக்க நம் உடம்பிலே தடைக்கட்டைகள் இரண்டு உண்டு. வைரஸ் உண்டாக்கும் இரண்டு புரதங்கள் அந்த இரண்டு கட்டைகளையும் உடைத்துவிடுகின்றன. தடை இழந்த வண்டி போல் அணு ஓடுகிறது. அந்த இரு புரதங்களையும் அடக்கினால் ஹீலா அணுவின் பெருக்கம் நிற்கிறது என்று பிற்கால ஆய்வுகள் மெய்ப்பித்தன.

எய்ட்ஸ் நோய் 1981-ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. 1983-இல் அதன் வைரஸ் பிடிபட்டது. அந்த எச்.ஐ.வி. மனித அணுவுக்குள் எந்த வாயில் வழியே நுழைகிறது? ஹீலா அணுவை எச்.ஐ.வி. தொற்றாது. ஆய்வாளர்கள் சி.டி.4 என்ற வாயிலை அமைக்கும் மரபணுவை ஹீலாவிலே சேர்த்துப் பார்த்தார்கள். உடனே தொற்றியது. 1986-ஆம் ஆண்டு வெளிவந்த இந்த ஆய்வினால், வைரஸ் நுழையும் வழி உறுதியாயிற்று. ஆக, எச்.பி.வி.யைக் காட்டிக் கொடுத்ததும் அந்தத் தாயின் அணு, எச்.ஐ.வி.யின் வாயிலைக் காட்டியதும் அந்தத் தாயின் அணு. 2008-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு, ட்சூர் ஹவுசனுக்கும், எச்.ஐ.வி.யைக் கண்டறிந்த பிரெஞ்சு நாட்டு அறிஞர்கள் பாரே-சினூசி, மோன்தான்யே இருவருக்கும் பங்கிட்டு வழங்கப்பட்டது. ஒரே மேடையிலே இரு வைரஸ்களின் கதை!

மேடையிலே சேர்ந்தவை, ஏழைப் பெண்ணின் உடம்பிலும் சேர்ந்தே குடிகொள்கின்றன என்பதுதான் வேதனை. எச்.பி.வி. உடலுறவின் வழியே பரவுவது. ஆண், பெண் எவரையும் தொற்றும். உடலுறவு கொள்வோரில் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் அது தொட்டுத்தான் செல்கிறது. எனவே அது ஒழுக்கக்கேட்டின் அடையாளம் அல்ல. உடம்பிலே எதிர்ப்பாற்றல் இருந்தால் ஓரிரண்டு ஆண்டுகளிலே பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். எச்.ஐ.வி. தாக்கியவருக்கு அந்த எதிர்ப்பாற்றல்தானே குறைகிறது? வைரஸ் வெளியேறாமல் தங்கிவிடுகிறது. மற்றப் பெண்களுக்குப் புற்றாக முற்ற 15 முதல் 20 ஆண்டுகள் ஆகுமென்றால், மருத்துவம் பெறாத எச்.ஐ.வி. நோயாளிக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே முற்றலாம். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரைப்போல் ஆறு மடங்கு. 1993-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் இப்புற்றை எய்ட்ஸ் நிலையைக் குறிக்கும் நோய்களின் பட்டியலிலே சேர்த்தது.

எய்ட்ஸைக் கட்டுப்படுத்த மாத்திரை வந்துவிட்டது. நாள்தோறும் தவறாமல் உண்டால் நெடுநாள் வாழலாம். ஆனால் மாத்திரையால் பிழைத்த பெண், புற்றுநோயால் மடிவதா? மடியத் தேவையில்லை என்கிறது மருத்துவம். வழிகள் மூன்று.

முதலாவது தடுப்பூசி. 2006-ஆம் ஆண்டில் வந்தது. 9 வயது முதல் 14 வயது வரையுள்ள சிறுமியருக்கு, வைரஸ் தொடுமுன்னே போட வேண்டும். மற்றவர்களுக்கு ஓர் ஊசியே போதுமென்று 2022-இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூறியிருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் குறைந்தது இரண்டு, இயன்றால் மூன்று.

இரண்டாவது சோதனை. மற்றப் பெண்கள் 30 வயதிலே தொடங்கலாம், எச்.ஐ.வி. உள்ளவர் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். எச்.பி.வி. இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு வேண்டிய மாதிரியைப் பெண்ணே தன் கையால் எடுத்துக் கொடுக்கவும் முடியும். கூச்சத்துக்கு இடமே இல்லை.

மூன்றாவது மருத்துவம். புற்றாக மாறுமுன் உள்ள புண்ணைக் குளிரூட்டியோ, சூடேற்றியோ, மின்கம்பி வளையத்தால் அறுத்தோ நீக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அது மீண்டும் தலைதூக்க வாய்ப்பு அதிகம். ஆகவே ஓராண்டு கழித்து மறுபடி பார்த்தாக வேண்டும். புற்றே வந்துவிட்டாலும் அறுவையும் கதிர்வீச்சும் மருந்தும் உண்டு. எச்.ஐ.வி. இருக்கிறது என்று காரணம் காட்டி அவற்றை மறுப்பது மருத்துவம் ஆகாது, கொடுமை ஆகும்.

இது பெண்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கும் தோழருக்கும் ஒன்று கூறுகிறோம். இந்த வைரஸ் ஆணுக்கும் புற்றுநோய் தரும். ஆசனவாயிலும் தொண்டையிலும் ஆணுறுப்பிலும் தரும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஆசனவாய்ப் புற்று அச்சம் மிகுதி. அமெரிக்காவிலே, 35 வயது கடந்த எச்.ஐ.வி. உள்ளவர்கள் 4,446 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். புற்றுக்கு முந்திய புண்ணை நீக்கிய பிரிவிலே புற்றுநோய் 57 விழுக்காடு குறைந்தது என்று 2022-இல் அறிவித்தார்கள்.

இவையெல்லாம் பணக்கார நாட்டுக்குத்தான் ஆகும் என்று எண்ண வேண்டாம். நம் திண்டுக்கல் மாவட்டத்திலே, 30 முதல் 59 வயது வரையுள்ள தாய்மார்களிடம், காடியைப் போன்ற நீர்த்த அமிலத்தைக் கருப்பைவாயிலே தடவி, வெள்ளைத் திட்டுத் தெரிகிறதா என்று கண்ணாலேயே பார்க்கும் எளிய சோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியர் செய்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களிலே இந்தப் புற்று 25 விழுக்காடு குறைந்தது. சாவு 35 விழுக்காடு குறைந்தது. 2007-ஆம் ஆண்டு வெளியான இந்த முடிவை உலகமே எடுத்துப் பேசியது. உழைக்கும் பெண்கள், ஊர்ப்புறத்துச் செவிலியர், மலிவான மருந்துநீர். இவற்றைக் கொண்டே உயிர்கள் காக்கப்பட்டன!

அப்படியிருந்தும், 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3,50,000 பெண்கள் இந்த நோயால் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை நாடுகளையும் நடுத்தர நாடுகளையும் சேர்ந்தவர்கள். ஹென்ரியட்டாவின் உடம்பிலிருந்து பிறந்த அறிவு, ஹென்ரியட்டாக்களைத் தேடி வரவில்லை. இதுதான் நாம் கேட்க வேண்டிய கணக்கு.

அவருடைய குடும்பத்தார் கணக்குக் கேட்கத் தவறவில்லை. 2013-ஆம் ஆண்டில், அம்மையாரின் மரபுக் குறிப்பு முழுவதும் அனுமதியின்றி வெளியிடப்பட்டபோது தட்டிக் கேட்டார்கள். அக்குறிப்பை யார் பார்ப்பது என்று முடிவு செய்யும் குழுவிலே குடும்பத்தாருக்கு இடம் கிடைத்தது. 2021-இல், அணுக்களை விற்று ஊதியம் கண்ட ஒரு பெருநிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2023-ஆம் ஆண்டு, அம்மையாரின் 103-ஆவது பிறந்தநாளையொட்டி அது உடன்பாட்டில் முடிந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் அவருக்கு விருது வழங்கிப் பெருமைப்படுத்தியது.

சிலையும் விருதும் நல்லவைதாம். ஆனால் கடன் அடைபட்டதாகக் கருத மாட்டோம். நாம் கேட்பது இது: எச்.ஐ.வி. மாத்திரை வாங்க ஒரு பெண் எந்த மருத்துவமனைக்கு வருகிறாளோ, அதே மருத்துவமனையில், அதே நாளில், இந்தச் சோதனையும் நடக்க வேண்டும். வேறொரு நாள் கூலியை இழந்து, வேறொரு வாசலிலே நின்று, வேறொருவரிடம் தன் நோயைச் சொல்லிக் கூனிக் குறுகும் நிலை கூடாது. பெயர் வெளியே தெரியாமல் காக்கப்பட வேண்டும். எடுப்பது எது, எதற்கு என்று அவள் மொழியிலே விளக்கி, அவள் இசைவு பெற்றே எடுக்க வேண்டும். 1951-இல் ஹென்ரியட்டாவிடம் கேட்கத் தவறிய கேள்வியை, இனி எந்தப் பெண்ணிடமும் கேட்கத் தவறக் கூடாது.

தோழர்களே! இது அரசு மட்டும் செய்து முடிக்கும் வேலை அல்ல. ஹென்ரியட்டா அடிவயிற்று முடிச்சைக் கணவரிடம் சொல்லவில்லை என்றோமே, ஏன் சொல்லவில்லை என்று சிந்தித்துப் பாருங்கள். நம் வீட்டிலே மனைவியோ தங்கையோ மகளோ அப்படியொரு வலியைச் சொல்ல நினைத்தால், நம் முகம் பார்த்துச் சொல்ல முடிகிறதா? எச்.ஐ.வி. உள்ள ஒருவர் நம் தெருவிலே இருந்தால், நம் தேநீர்க் கடையிலே அவருக்குத் தனிக் குவளை வைக்கிறோமா? தனிக் குவளையை எதிர்த்து வளர்ந்த இயக்கம் நம்முடையது. சாதியின் பெயரால் வைத்த குவளையை உடைத்துவிட்டு, நோயின் பெயரால் இன்னொன்றை வைத்தால் அதற்கு மன்னிப்பு உண்டா?

படிப்பகத்திலே இந்த ஏட்டைப் படிப்போர் பெரும்பாலும் ஆண்கள். படித்து முடித்ததும் மடித்து வைத்துவிட்டுப் போக வேண்டாம். வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்தபின், வீட்டிலுள்ள பெண்கள் கேட்க உரக்கப் படித்துக் காட்டுங்கள். மறுநாள், சோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று விசாரித்து வந்து சொல்லுங்கள். அவர்கள் இசைந்தால் துணைக்கும் செல்லுங்கள்.